ரவை வறுக்கும்போது இருமுகிறவள்

ஆடி 12, திங்கள்

காலை: கிராம்பு இல்லை. எலுமிச்சைத் தோல் இல்லை. ரோஜா இல்லை. தைலம் இல்லை.
மாலை: காலையில் சொன்னதேதான்.

டாக்டரம்மா, நீங்கள் சொன்னபடி நோட்டு வாங்கிவிட்டேன். நாலு குப்பியையும் காலையிலும் மாலையிலும் மூக்குக்குக் கீழே பிடித்து, இருபது எண்ணி, அந்த வாசனையை மனசில் நினைத்துப் பார்த்து, வந்ததை எழுதச் சொன்னீர்கள். ஒன்றும் வராவிட்டால் மிச்சப் பக்கத்தை என்ன செய்வது என்று சொல்லவில்லை. அதனால் அதில் என் ஊர்க்கதையை எழுதிக்கொள்கிறேன். நான் ஆறாம் வகுப்பில் பரீட்சைக்கு முன்னாலேயே நின்றுவிட்டவள். எழுத்துப் பிழை இருந்தால் அந்தப் பழியையும் மூக்கின் தலையிலேயே போட்டுவிடுங்கள்.

காய்ச்சல் மூன்று நாள் இருந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "திரும்பி வருமா?" என்று கேட்டேன். "வரலாம், எப்பன்னு சொல்ல முடியாது" என்றீர்கள். என் வீட்டுக்காரர் குற்றாலிங்கமும் கடைக்குப் போகும்போது இதையேதான் சொல்லிவிட்டுப் போவார்.

என்ன வேலை என்று கேட்டீர்கள். வீட்டு வேலைதான் என்றேன். அது பொய். குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிற கல்யாண மண்டபத்தில் காலைப் பலகாரம் செய்கிறேன். ரவை என் பொறுப்பு. இனிப்புக்குக் கேசரி, காரத்துக்குக் கிச்சடி. பத்தொன்பது வருஷமாகிறது. மூக்கு போன சமையல்காரி என்று வெளியே தெரிந்தால் யார் அடுப்பில் விடுவார்கள்? உங்கள் சீட்டில் வீட்டு வேலை என்றே இருக்கட்டும்.


ஆடி 14, புதன்

நாலும் இல்லை.

கேசரி பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நீங்கள் ஓட்ஸ் சாப்பிடுகிற முகமாகத் தெரிகிறீர்கள். கேசரியோ கிச்சடியோ, ரவையை முதலில் வறுக்க வேண்டும். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. பச்சை வாடை போய், வறுத்த மணம் எழும்புகிற நொடி ஒன்று உண்டு. அந்த நொடியில் அடுப்பை அணைக்க வேண்டும். முந்தி அணைத்தால் கிச்சடி பசை மாதிரி இலையில் ஒட்டும். பிந்தினால் கருகல். நிறத்தைப் பார்த்துச் செய்யலாமே என்பீர்கள். எங்கள் அடுப்படி விளக்கில் என் மாமியாரே சிவப்பாகத்தான் தெரிவார்கள்.

வாயில் போட்டுப் பார்க்கலாமே என்றும் கேட்பீர்கள். முடியாது. அடுப்படி மூலையில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். முதல் கரண்டி அவர் இலைக்குப் போன பிறகுதான் மனுஷர் நாக்கில் படலாம். மண்டபம் கட்டிய நாளிலிருந்து அதுதான் சட்டம். உப்பு, இனிப்பு, வேக்காடு எல்லாமே மூக்கால் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். நாக்கு எனக்குப் பேசுவதற்கு மட்டும்தான்.

இப்போது ஆடி. கல்யாணம் கிடையாது. ஆனால் சாரல் சீசன். அருவியில் குளிக்க வருகிறவர்கள் மண்டபத்து மாடியில் தங்குகிறார்கள். தினம் அறுபது எழுபது இலை. அருவியில் நனைந்து நடுங்கி வருகிறவனுக்கு எதைப் போட்டாலும் சாப்பிடுவான் என்று தைரியமாக இருக்கிறேன்.


ஆடி 16, வெள்ளி

நாலும் இல்லை. தைலத்தை மூக்கிலேயே விட்டுப் பார்த்தேன். கண் எரிந்தது. அதை எந்தப் பக்கம் எழுதுவது?

அந்தத் தைரியம் போயிற்று. மேனேஜர் தாணு அண்ணாச்சி அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஆவுடை, கிச்சடியில தீஞ்ச வாடை அடிக்குன்னு மாடியில சொல்லுதாங்க."

"மதுரைக்காரங்களா அண்ணாச்சி?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அவங்க ஊர் வெயில்ல மூக்குக்குள்ளயே தீஞ்சு கெடக்கும். அதான் அடிக்கு."

அவர் சிரிக்கவில்லை. வாணலியைக் குற்றம் சொன்னேன், அடிக்கனம் போதவில்லை என்று. பக்கத்தில் உலகம்மா தேங்காய் துருவிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகு என் வீட்டுக்காரரின் தங்கை. சாம்பார், சட்னி அவள் பொறுப்பு. பத்து வருஷமாக என் கைச் சட்டுவத்தின்மேல் அவளுக்கு ஒரு கண். ரவையைக் கிளறுகிற நீளச் சட்டுவம் யார் கையில் இருக்கிறதோ அவள்தான் எங்கள் அடுப்படிக்குப் பெரியவள். நான் செத்தால் சுடுகாட்டுக்கு வருவதற்கு முன்னால் மண்டபத்துக்குப் போய்ச் சட்டுவத்தை எடுத்துக்கொண்டுதான் வருவாள்.


ஆடி 17, சனி

நாலும் இல்லை.

இன்றைக்கு உலகுவோடு சண்டை. நான் முதலில் போய் அடுப்படி திறந்து, தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். பின்னாலேயே வந்தவள் வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு ஓடி வந்து தீப்பெட்டியைப் பிடுங்கி வெளியே சாரலில் எறிந்தாள். நல்ல தீப்பெட்டி. புதுசு.

"கிறுக்கு பிடிச்சிருக்காட்டி உனக்கு?"

"நமுத்த பெட்டிய வச்சுக்கிட்டு என்ன செய்யுதீங்க மைனி?" என்றாள். சொல்லிக்கொண்டே குனிந்து சிலிண்டர் பக்கம் எதையோ திருகினாள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்தாள். சாரல் உள்ளே அடித்து மாவு டப்பா எல்லாம் நனைந்தது. பத்து நிமிஷம் அடுப்பைத் தொடவிடவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். குளிராக இருக்கும்.

"மைனி, உள்ள வந்ததும் உங்களுக்கு ஒண்ணும் தெரியலயா?"

"என்ன தெரியணும்? நீ வந்ததுதான் தெரிஞ்சுது. அதுவே பெரிய தொந்தரவு."

அவள் மாவு டப்பாக்களைத் துடைக்கப் போய்விட்டாள்.


ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. கூட்டம். எழுத நேரமில்லை. குப்பி திறக்கவில்லை. திட்டாதீர்கள்.


ஆடி 19, திங்கள்

நாலும் இல்லை.

உலகு இன்றைக்கு எனக்கு முன்னாலேயே வந்து அடுப்படியைத் திறந்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. இனிமேல் சாவி அவளிடமே இருக்கட்டுமாம். "உங்களுக்கு முட்டு வலி, நான் சீக்கிரம் வாரேன்" என்கிறாள். என் முட்டு பற்றி என் வீட்டுக்காரருக்கே கவலை கிடையாது, இவளுக்கு வந்துவிட்டது. முதலில் சாவி, அப்புறம் சட்டுவம். எனக்கு விளங்காதா?

இதில் ஒரு புதுத் தொல்லை. நான் ரவையை வறுத்துக்கொண்டு நிற்கிறேன், அவள் எனக்குப் பின்னால் நின்று இருமுகிறாள். இரண்டே இருமல். க்கும், க்கும். எரிச்சலில் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி முறைத்தேன்.

"என்னட்டி, சளியா?"

"ஆமா மைனி. சாரல் ஒத்துக்கிடல."

தென்காசியில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சாரல் ஒத்துக்கொள்ளவில்லையாம். அடுத்தது மீனுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது.

கிச்சடி உதிரி உதிரியாக வந்திருந்தது. மாடியிலிருந்து ஒரு கைக்குழந்தைக்காரி இரண்டாம் தடவை வாங்கிப் போனாள். வாணலியைத் தேய்த்து வைத்ததில் சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.


ஆடி 20, செவ்வாய்

நாலும் இல்லை. இருமல் உண்டு. கேசரிக்கு ஒன்று, கிச்சடிக்கு ஒன்று.


ஆடி 21, புதன்

நாலும் இல்லை. உலகுவுக்குச் சுக்கும் மிளகும் தட்டிக் கொடுத்தேன். "குடிச்சுத் தொலை" என்றேன். வாங்கித் திண்டில் வைத்தாள். பிறகு பார்த்தால் சாம்பாரில் கொட்டியிருக்கிறாள். சாம்பார் நன்றாக இருந்தது என்கிறார்கள். எனக்கென்ன தெரியும்? எனக்குச் சாம்பாரும் ஒன்று, குளித்த வெந்நீரும் ஒன்று. முன்னே ஒரு சேர் பொங்கல் சாப்பிடுவேன். இப்போது பாதி இட்லியை மென்றுகொண்டே இருக்கிறேன், துணியைத் தின்பது போல. ஜாக்கெட் தோளில் இறங்குகிறது. நாலு பேர் "மெலிஞ்சு அழகாயிட்டீங்க" என்கிறார்கள். அவர்களைப் பிடித்துக் கடிக்கலாம் போல இருக்கிறது. அதிலும் ருசி தெரியாது.


ஆடி 22, வியாழன்

நாலும் இல்லை.

ஆடித்தபசு. உலகு சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டாள். இருமல் இல்லாமல் நிம்மதியாக வறுக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

நிம்மதியாக வறுத்தேன். வறுத்துக்கொண்டே இருந்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பயந்துபோய்ச் சீக்கிரமே அணைத்துவிட்டேன் போல. கிச்சடி களியாகிவிட்டது. அது போதாதென்று கேசரிக்கு ஊற்றிய நெய் காறிப்போன நெய்யாம். மூலையில் ஒதுக்கிவைத்திருந்த பழைய டின். என் கையாலேயே ஒரு படி ஊற்றியிருக்கிறேன். மாடியிலிருந்து இருபது இலை அப்படியே திரும்பி வந்தது. பிள்ளையார் இலையில் மட்டும்தான் குறை சொல்ல ஆளில்லை.

தாணு அண்ணாச்சி இந்தத் தடவை அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு உனக்கு? பத்தொம்பது வருசமா ஒரு சொல் வந்ததில்ல."

"நெய் வாங்கினவனைக் கேளுங்க அண்ணாச்சி."

"காறின நெய்ய நீ முன்னெல்லாம் டின்னு மூடியத் திறக்கும்போதே தூக்கி வீசிருவியே."

குனிந்து அடுப்பைத் துடைத்தேன்.

"ஆவணி அஞ்சு முதலாளி வீட்டுக் கல்யாணம். ஐநூறு இலை. அன்னைக்கு ஒரு சொல் வந்துச்சுன்னா எனக்கு வேற வழி இல்ல, சட்டுவத்த உலகம்மா கையில குடுத்துருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அதுவரைக்கும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்றும் வரவில்லை.


ஆடி 23, வெள்ளி

காலை நாலும் இல்லை. மாலை எலுமிச்சைக் குப்பியைச் சுவரில் எறிந்தேன். உடையவில்லை. பிளாஸ்டிக்.


ஆடி 27, செவ்வாய்

உங்களிடம் வந்தேன். நோட்டைக் காட்டச் சொன்னீர்கள், வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். பைக்குள்தான் இருந்தது. மன்னிக்கவும்.

"எதாவது முன்னேற்றம்?" என்று கேட்டீர்கள். "மூக்கு முன்னாலதான் இருக்கு டாக்டர், முன்னேறுறதுக்கு இடமில்ல" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். சிரிப்பு வந்ததற்காக இல்லை.


ஆடி 30, வெள்ளி

நாலும் இல்லை. இருமல் இரண்டு.

வறுக்கும்போது ரவை முதலில் சட்டுவத்தில் ஒட்டிக்கொண்டு கனமாக வருகிறது, பிறகு மணல் போல வழுக்கி ஓடுகிறது. இத்தனை வருஷம் இதைக் கவனித்ததில்லை. மூக்கு இருந்தபோது கைக்கு வேலை கொடுக்கவில்லை போல. ஆனால் வழுக்க ஆரம்பித்ததும் அணைத்தால் பச்சை. இன்னும் எவ்வளவு நேரம் என்றால் கைக்குத் தெரியவில்லை. உலகு இருமியதும் அணைத்தேன்.


ஆவணி 2, திங்கள்

நாலும் இல்லை. கல்யாணத்துக்குப் பந்தல் கால் நட்டாயிற்று. இரண்டு மூட்டை ரவை வந்திறங்கியது. அதன்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசித்து ஒன்றும் கிடைக்கவில்லை. மூட்டை மட்டும் அமுங்கியது.


ஆவணி 4, புதன்

நாலும் இல்லை.

உலகு இன்றைக்கு வரவில்லை. நேற்றுப் பந்தல் வேலையில் நனைந்ததில் காய்ச்சலாம். என் வீட்டுக்காரரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். "நாளைக்குக் காலம்பற வந்துருவேன்னு மைனிகிட்ட சொல்லு, ரவைய நான் வராம பத்தவைக்கக் கூடாதுன்னு சொல்லு" என்றாளாம். சட்டுவம் கைமாறுகிற நாளில்கூடக் காய்ச்சலைப் பார்க்கமாட்டாள்.

வேறொன்றும் எழுத ஓடவில்லை.


ஆவணி 5, வியாழன்

காலையில் குப்பியைத் திறக்கவில்லை. மாலையில் திறந்தேன், நாலும் இல்லை. இது நீளமாகப் போகும். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விடிவதற்கு முன்னால் மண்டபத்துக்குப் போனேன். உலகு ஏற்கெனவே அடுப்படி வாசலில் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கிப் பணியாரம் மாதிரி இருந்தது. நான் பெரிய வாணலியை ஏற்றி முதல் தவணை ஆறு கிலோ ரவையைக் கொட்டினேன்.

கிளற ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட இருக்காது. க்கும், க்கும்.

இவ்வளவு சீக்கிரமா? சரி, தீ கூடுதலாக இருக்கும் என்று அணைத்தேன். மறுபடி க்கும் என்றாள். அணைத்தது தப்பு என்கிறாள் போல என்று பற்றவைத்தேன். க்கும், க்கும், க்கும். அணைத்தேன். மறுபடி இருமினாள். பற்றவைத்தேன். இப்படியே நாலைந்து தடவை. ரவை சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, பச்சையா வறுவலா என்று அதற்கே தெரியாமல் போய்விட்டது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஏட்டி! அணைக்கவா பத்தவைக்கவா? ஒண்ணு சொல்லித் தொலை!"

அவள் துண்டை இறக்கினாள். கண்ணிலிருந்து தண்ணீராக ஓடுகிறது.

"மைனி, இது நெச இருமல்!"

நான் சட்டுவத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவளும் சொன்ன வாயை மூடாமல் நின்றாள். வெளியே நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார், பீ பீ என்று.

டாக்டரம்மா, இந்த நோட்டில் பொய் எழுதியிருக்கிறேன். அது உங்களுக்குத் தெரியாமலும் இருக்காது. தீப்பெட்டியைப் பிடுங்கிய அன்றைக்குச் சிலிண்டர் வாய் திறந்து கிடந்தது. அவள் குனிந்து திருகியபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு குச்சி உரசியிருந்தால் நானும் பிள்ளையாரும் மாடியில் இருந்த மதுரைக்காரர்களும் சேர்ந்தே போயிருப்போம். மறுநாளிலிருந்து அவள் ஏன் முந்தி வருகிறாள், எதற்கு இருமுகிறாள் என்பதும் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் அந்த இருமலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். எழுதினால் அவளுக்குக் கடன்பட்டவளாக ஆகிவிடுவேன் என்று எழுதவில்லை. அவ்வளவுதான்.

"அப்பம் இத்தன நாளும் இருமுனது?" என்று கேட்டேன், தெரியாதவள் மாதிரி.

"அது உங்களுக்கு."

"இதை வாயத் தொறந்து சொன்னா என்னட்டி? உனக்கு மூக்கு இல்ல மைனி, நான் பாத்துக்கிடுதேன்னு?"

"சொன்னா நீங்க விடுவீங்களா? என்னைப் பார்த்துச் சட்டுவத்துக்கு அலையுதான்னுதான சொல்லுவீங்க."

"சரி, இப்பம் சொல்லு. மோந்து பாத்துச் சொல்லு" என்றேன்.

"எதை வச்சு மோக்க? எனக்கும் நேத்துலேருந்து அடைச்சுக் கெடக்கு. கற்பூரமே தெரியல."

ஐநூறு இலை. ஒரு அடுப்படி. இரண்டு பொம்பளை, இரண்டு பேருக்கும் மூக்கு இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்தால் இருமல், இருமினால் சிரிப்பு. பிறகு அவள் விசும்ப ஆரம்பித்தாள். "முதலாளி வீட்டுக் கல்யாணம் மைனி" என்றாள். எனக்கும் அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் தவணையை ஓரமாகக் கொட்டிவிட்டு இரண்டாவதைப் போட்டேன். ஒட்டுவது நின்று மணலாக வழுக்க ஆரம்பித்தது. இனி எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

"வாயில போட்டுப் பாருங்க" என்றாள் உலகு.

"பிள்ளையார் இலைக்குப் போகாமலா? பத்தொம்பது வருசம் படாத நாக்கு."

"அவர் திங்கப் போறது கிச்சடியத்தான? வறுத்த ரவையையா அள்ளி வாயில போடப் போறாரு? இது இன்னும் பலகாரமே ஆகல."

சட்டப்படி அவள் சொன்னது சரிதான். இருந்தாலும் பிள்ளையாருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். நாலு ரவை மணியை எடுத்து ஊதி முன்பல்லில் வைத்தேன். ருசி தெரியவில்லை; ஆனால் பல்லுக்குத் தெரிந்தது. மாவாக ஒட்டியது. பச்சை. இன்னும் கிளறினேன். மறுபடி நாலு மணி. பாதி ஒட்டியது. மறுபடி. இந்தத் தடவை நறுக்கென்று உடைந்தது. உலகு வாயிலும் நாலு மணி போட்டேன்.

"நறுக்குங்கு" என்றாள்.

அணைத்தேன்.

நாலு தவணையும் அப்படித்தான் முடிந்தது. நெய் டின் புதிது. மூடியை நானே உடைத்தேன். கேசரிக்குச் சர்க்கரையும் கிச்சடிக்கு உப்பும் கையளவில் போட்டேன், கை மறக்கவில்லை. ஓரத்தில் நெய் கக்கி, கேசரி சுருண்டு வாணலியை விட்டு வந்தது. முதல் கரண்டியைப் பிள்ளையாருக்கு வைத்தபோது நேராக முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தி முடிந்து தாணு அண்ணாச்சி வந்தார். முதலாளி கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாராம். சம்பந்தி வீட்டில் கிச்சடிக்கு யார் என்று விசாரித்தார்களாம்.

"சட்டுவம் உன்கிட்டயே இருக்கட்டும் ஆவுடை. ஆனா ஒண்ணு. உலகம்மா நாளையிலேருந்து வரவேண்டாம். பந்தியில இருந்தவங்க காதுல இருமல் விழுந்திருக்கு. எத்தன நாளா இருமுதான்னு விசாரிச்சா, பதினஞ்சு நாளா இருமுதாளாம். அடுப்படியில இதெல்லாம் கூடாது."

பத்து வருஷமாக நான் வேண்டியது இதுதான். ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். அந்த நிமிஷத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், டாக்டரம்மா. நீங்கள் மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நின்றேன். உலகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

"அண்ணாச்சி, எனக்கு மூக்கு இல்ல" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இருக்கே?"

"மேல் கட்டடம் இருக்கு. உள்ள குடியிருக்க ஆள் இல்ல. காய்ச்சல் வந்ததிலேருந்து வாசனை போச்சு. அவ எனக்காகத்தான் பதினஞ்சு நாளா இருமுனா. ரவை வறுபட்டதும் இருமுவா, நான் அணைப்பேன். தபசு அன்னைக்கு அவ இல்ல, என்ன நடந்துதுன்னு உங்களுக்கே தெரியும்."

"மூக்கு இல்லாமலா முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கேசரி கிண்டுன?"

"அவ மூக்கை நம்பித்தான் வந்தேன். வந்து பாத்தா அதுவும் இல்ல."

தாணு அண்ணாச்சி அப்படியே ரவை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அந்த மூட்டைக்கு அப்படி ஒரு ராசி.


ஆவணி 6, வெள்ளி

நாலும் இல்லை. அண்ணாச்சி முகம் கொடுத்துப் பேசவில்லை.


ஆவணி 8, ஞாயிறு

நாலும் இல்லை.

சொல்லிவிட்டார். இரண்டு பேரும் இருக்கலாம். ஆனால் மூக்கு திரும்பி வருகிற வரைக்கும் ரவைக்கு உலகம்மா, சட்னிக்கு ஆவுடை. "டாக்டர் சீட்டோட வா, அன்னைக்குச் சட்டுவத்தத் தாரேன்" என்கிறார். வீட்டு வேலை என்று எழுதியிருக்கிற சீட்டை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது?

நானே சட்டுவத்தைக் கழுவி உலகு கையில் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்று அழுதாள். "நடிக்காதட்டி, பத்து வருசமா பாத்துக்கிட்டிருந்த" என்றேன். "ஆமா பாத்தேன். அதுக்கு இப்படியா?" என்றாள். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைக் காரணமில்லாமல் திட்டினேன். பாவம், அவருக்குப் பழகிவிட்டது.


ஆவணி 12, வியாழன்

கிராம்பு இல்லை. எலுமிச்சை இல்லை. ரோஜா இல்லை. தைலம் இல்லை. அடைத்த நாலாம் நாளே உலகுவுக்கு மூக்கு திறந்துகொண்டது. வெறும் ஜலதோஷம். எனக்கு வந்தது மட்டும்தான் பெரிய இடத்துச் சீக்கு. எரிச்சலாகத்தான் இருக்கிறது, அதை வேறு எப்படி எழுதுவது?

இன்றைக்கு வளைகாப்பு, இருநூறு இலை. உலகு அடுப்பில் நின்றாள். நான் மூலையில் கிரைண்டரில் தேங்காயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரவையை வறுத்துச் சரியான நேரத்தில் இறக்கினாள். அது அவள் மூக்கு. தாளித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் கை தயங்கியது. குடத்தைச் சாய்த்தாள், நிறுத்தினாள், மறுபடி சாய்த்தாள். இரண்டு கிலோ ரவைக்கு ஒரு அளவு, நாலு கிலோவுக்கு வேறொரு அளவு. வாணலியின் உள்சுவரில் தண்ணீர் எந்த வரையில் நிற்க வேண்டும் என்பது கண்ணுக்குத்தான் தெரியும், அந்தக் கண்ணுக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்க வேண்டும். தாணு அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னிடம் கேட்டால் அவருக்குக் கேட்கும்.

அவள் என்னிடம் கேட்கவில்லை. நெற்றியில் வேர்வையோடு ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் கிரைண்டரை நிறுத்தினேன். தண்ணீர் ஏறியது, இன்னும் ஏறியது, வரையைத் தொட்டது.

க்கும், க்கும்.

குடத்தை நிமிர்த்திவிட்டாள். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன மைனி, சளியா?"

"ஆமாட்டி" என்றேன். "சாரல் ஒத்துக்கிடல."